பேய்ப்பட ரசிகர்கள் காப்பாற்றிய கட்டடம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து வடக்கே சுமார் 50 கி.மீ. போனால், எவன்ஸ் சிட்டி என்ற சின்ன ஊர் வரும். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தைத் தேடி வெளியூர் ரசிகர்கள் வந்தபடி இருக்கிறார்கள். காரணம், ஒரு பேய்ப்படம்!

1968-ல் வெளியான ஜார்ஜ் ரொமீரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ இங்குதான் தொடங்குகிறது. அப்பாவின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க வருகிறார்கள் அண்ணனும் தங்கையும். தூரத்தில் ஒருவன் தள்ளாடியபடி வருகிறான். அவன் பிணம்!

பட்ஜெட் சுமார் 1,14,000 டாலர்தான். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்! பணம் போட்டவர்களில் சிலரே நடிக்கவும் செய்தார்கள். இன்றைய ஜாம்பி படங்களுக்கெல்லாம் தாத்தா இதுதான்.

படத்தில் வரும் பண்ணை வீடு பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. கல்லறைத் தோட்டத்தின் சிறிய பிரார்த்தனைக்கூடமும் பழுதாகி, இடிபடும் நிலைக்கு வந்தது. ரசிகர்கள் விடவில்லை. நிதி திரட்டினார்கள், கட்டடம் பிழைத்தது.

நீங்கள் போனால் ஆசை தீர செல்ஃபி எடுங்கள். ஆனால், கல்லறைகள் மேல் ஏறாதீர்கள். அவை சினிமா செட் அல்ல. ஊர்க்காரர்கள் தங்கள் சொந்தங்களுக்குப் பூ வைக்க வரும் இடம்.