திரையில் 6, குழாயில் 3.75

அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளியில் கேட்டால், "இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்" என்பேன். "கிடாரா, கீபோர்டா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. திருநெல்வேலி பேட்டை ஐடிஐயில் படித்தவர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. அவ்வளவுதான் தெரியும். அவர் வேலை எனக்குப் புரிந்தது, அதே வேலையில் நான் ஒரு தப்பு செய்த பிறகுதான்.

போன ஜூலை. ஷார்ஜாவில் நான் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். 14 மாடிக் கட்டடம் ஒன்றில், தண்ணீரை மேலே தள்ளும் பம்ப் அறையில் புதுக் கன்ட்ரோலர் மாட்டினோம். சீனியர் வயர்களை இணைத்தார். எண்களைப் போடுவது என் வேலை.

குழாயில் உள்ள சென்சார், அழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும். 4 மில்லி ஆம்பியர் வந்தால் அழுத்தம் ஜீரோ. 20 வந்தால் முழு அளவு. அந்த முழு அளவு எத்தனை பார் என்பது மட்டும் கம்பி வழியாக வராது. அதைக் கன்ட்ரோலரில் நாம்தான் போட வேண்டும். இதற்குப் பெயர் ஸ்கேலிங். சென்சார் தகட்டில் 0–10 பார். கன்ட்ரோலரில் முன்பே 0–16 என்று இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. திரையில் 6.0 வந்தது. வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. மேல் மாடிகளில் தண்ணீர் இல்லை. திரும்பப் போனபோது, ஒரு அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு தண்ணீர் கேன்களை லிஃப்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பம்ப் அறையிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"பக்கத்துல முள்ளு கேஜ் இருக்காம்மா? என்ன காட்டுது?"

"நாலுக்குக் கொஞ்சம் கீழ."

"திரையில?"

"ஆறு."

"சென்சார் தகட்டை வாசி."

வாசிக்கும்போதே புரிந்துவிட்டது. 16-ல் 6 என்பது 37.5 சதவீதம். அந்த அளவு சிக்னல் வந்ததும் கன்ட்ரோலர் "போதும்" என்று பம்ப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிட்டது. ஆனால் 10 பார் சென்சாரில் 37.5 சதவீதம் என்றால் 3.75 பார்தான். 1 பார் அழுத்தம் தண்ணீரை ஏறக்குறைய 10 மீட்டர் ஏற்றும். 37 மீட்டருக்கு மேலே இருந்தவர்களின் குழாய் காய்ந்துபோனது.

16-ஐ 10 ஆக்கினேன். திரை 3.75-க்கு இறங்கியது. பம்ப் வேகம் பிடித்து மெல்ல 6-க்கு ஏறியது. இந்த முறை முள்ளும் கூடவே ஏறியது.

வீட்டில் அப்பா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "மாத்தி நடந்திருந்தா? சென்சார் 16, நீ போட்டது 10?" கணக்குப் போட்டேன். திரையில் 6 இருக்கும்போது குழாயில் 9.6 பார். பழைய குழாயாக இருந்தால் வெடித்திருக்கலாம்.

பிறகு ஒரு கதை சொன்னார். 2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை. ஒரு கோபுரத்தில் திரவம் ஏறிக்கொண்டே இருந்தது. தவறாக அளவு சரிசெய்யப்பட்ட லெவல் கருவி, இறங்குவதாகக் காட்டியது. கடைசியில் வெடித்து 15 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல இருந்தன. அதில் இதுவும் ஒன்று.

"அதனாலதான் நாங்க கைப்பம்ப்பையும் மாஸ்டர் கேஜையும் வெச்சு 0, 25, 50, 75, 100 சதவீதம்னு அஞ்சு இடத்துல பார்க்கிறோம். 4, 8, 12, 16, 20 வரணும். அதுக்குப் பேர்தான் காலிப்ரேஷன். அதுக்கப்புறம் திரையில வர்ற எண்ணும் சரியான்னு பார்க்கணும்."

"ஜீரோவுக்கு ஏன் 4? 0-ன்னே வெச்சிருக்கலாமே?"

"கம்பி அறுந்தாலும் 0தானேம்மா வரும்? அழுத்தம் இல்லைங்கறதும், சொல்ல ஆளே இல்லைங்கறதும் ஒண்ணா?"

இருபது வருஷமாக எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. ஆலையிலும் இப்படி ஒருத்தர் தகட்டை வாசித்து, முள்ளைப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்தால்தான் அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது நான் மாட்டும் ஒவ்வொரு கன்ட்ரோலர் பக்கத்திலும் சென்சாரின் அளவை எழுதி ஒட்டிவிடுகிறேன். உங்க அப்பாவோ அம்மாவோ என்ன வேலை பார்க்கிறார்கள் என்று யாராவது கேட்டால், பதவிப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவர்களிடமே கேளுங்கள்.