யார் பிடித்த மீன்?

மீன் கொடுத்தவருக்குக் காசு வரவில்லை. 2015இல் சிலாபம் மாவட்ட நீதிமன்றத்தில் நான் தாக்கல் செய்த வழக்கு அவ்வளவுதான். என் கட்சிக்காரர் ஒரு பலநாள் படகின் சம்மாட்டி. எதிராளி, சூரையை விமானத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஏற்றுமதி நிறுவனம். காசு தர மறுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. பிடிப்புப் பதிவேடு பொருந்தாததால் வெளிநாட்டு வாங்குநர் ஓடரை நிறுத்திவிட்டார், எங்கள் நற்பெயர் கெட்டது, அதற்குச் சம்மாட்டியே நட்டஈடு தரவேண்டும் என்று எதிர்க்கோரிக்கையும் வைத்தார்கள்.

அன்றைய நிலைமை தெரியாமல் இது விளங்காது. பிடிப்புச் சான்றிதழ் இல்லாத கடல்மீன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையக்கூடாது என்ற விதி 2010 ஜனவரியிலிருந்தே உண்டு. ஆழ்கடல் படகுகளை ஒழுங்காகக் கண்காணிப்பதில்லை, இந்து சமுத்திர சூரை ஆணைக்குழுவின் விதிகளை மதிப்பதில்லை, தவறு செய்பவருக்கு உறைக்கிற தண்டனை இல்லை என்று 2012 நவம்பரில் ஒன்றியத்திடமிருந்து இலங்கைக்கு எச்சரிக்கை வந்தது. 2015 ஜனவரியில் தடை விழுந்தது. 2013இல் 7 கோடியே 40 லட்சம் யூரோ பெறுமதியான மீனை வாங்கிய சந்தை அது. சிலாபம் அடங்கிய இதே புத்தளம் கரையின் வளர்ப்பு இறாலை அந்தத் தடை தொடவில்லை. கடலுக்குப் போனவர்களோ விதி மீறியவர், மீறாதவர் என்ற பேதமில்லாமல் அகப்பட்டார்கள்.

வழக்கின் உயிர் நிறைச் சீட்டுகளில் இருந்தது. சிலாபம் களப்பு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் என் கட்சிக்காரர் நீர்கொழும்பில் மீன் இறக்குவார். அங்கே நிறுவனத்தின் முகவர் பல படகுகளின் மீனை ஒரே ஐஸ் லொறியில் ஏற்றுவார். சீட்டில் எடை இருக்கும், விலை இருக்கும், படகு எண்ணுக்கான இடம் வெறுமையாக இருக்கும். கொள்வனவு முகாமையாளரைக் குறுக்கு விசாரணை செய்தபோது அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

“எந்த மீன் எந்தப் படகுடையது என்று எப்படி அறிவீர்கள்?”

“முகவர் சொல்வார்.”

“பதிவேட்டுத் தாளை நிரப்புவது யார்?”

சற்றுத் தயங்கி, “முகவர்தான்” என்றார். சம்மாட்டிகளிடம் வெற்றுத் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவைப்பது வழக்கம் என்பதும் அடுத்த கேள்வியில் வெளிவந்தது. கடலுக்கே போகாத ஒருவர், கொழும்பில் கணினி முன்னால் இருப்பவருக்குத் தேவையான எண்களை அந்தத் தாள்களில் எழுதியிருக்கிறார்.

எனக்கு அன்று வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. தன் பெயரை அவ்வளவு பெறுமதியாகக் கருதிய நிறுவனம், அந்தப் பெயர் இறங்குதுறையில் தினமும் எப்படிக் கையாளப்படுகிறது என்று ஒருநாளாவது வந்து பார்த்ததில்லை. விநியோகச் சங்கிலி பற்றி அதன் கையேட்டில் அழகான பக்கங்கள் இருந்தன. அதையும் சான்றாகக் காட்டினேன்.

சட்டமும் எங்கள் பக்கமே நின்றது. ஓடர் நின்றதும் மீனை அவர்கள் திருப்பித் தரவில்லை, பேலியகொடைச் சந்தையில் விற்றுவிட்டார்கள். 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, தன்னுடையதுபோல மறுவிற்பனை செய்தவர் பொருளை ஏற்றுக்கொண்டவரே. விலையைத் தந்தேயாக வேண்டும்.

தீர்ப்புக்கு முன்பே சமரசத்துக்கு வந்தார்கள். எதிர்க்கோரிக்கை வாபஸானது, முதல் முழுவதும் கிடைத்தது. வட்டியைச் சம்மாட்டி விட்டுக்கொடுத்தார். இனி நிறை போடும்போதே அவர் கண்முன்னால் படகு எண்ணை எழுதி, பிரதியைக் கையில் தரவேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் அவர் விடவில்லை. வேலை தாமதமாகும் என்று முகாமையாளர் முணுமுணுத்தார். 2016 ஜூனில் தடை நீங்கியபோதும் அந்த ஏற்பாடு நடைமுறையில் இருந்தது.

காசுதான் கிடைத்துவிட்டதே, இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன்.

“நாளைக்கு வேற ஒருத்தன் களவாப் பிடிச்ச மீனுக்கு என்ட படகு நம்பரைப் போட்டா, லைசென்ஸ் போறது எனக்குத்தானே, சேர்?” என்றார்.