ஹக்கலையில் கண்ட கொம்பு ஓணான்

ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் பிரயாணம் செய்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். அங்கிருந்து பதுளை சாலையில் பத்து கிலோமீட்டர் சென்றால் ஹக்கலைப் பூங்கா. 1861-ல் சிங்கோனா பயிரிடத் தொடங்கப்பட்ட தோட்டம் அது.

அங்கே பாசி படர்ந்த மரமொன்றில் ஓர் ஓணான். மூக்கு நுனியில் வெண்ணிறக் கொம்பு! சுப்ஹானல்லாஹ் என்றேன். என் இளைய மகனோ கல்லை எடுத்துவிட்டான்.

"வாப்பா, இப்றாஹீம் நபியைப் போட்ட நெருப்பை ஊதியது இதுதானே?"

கையைப் பிடித்துத் தடுத்தேன். ஹதீஸில் வருவது 'வஸக்' என்னும் பல்லி. ஓணானை அதில் சேர்த்தது நம் ஊர்ப் பழக்கமே தவிர மார்க்கமன்று. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுக் கொன்ற பெண்ணின் கதியை நாம் அறிவோம் அல்லவா?

இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த ஓணான் இல்லை. நுவரெலியா, ஹக்கலை, ஹோர்ட்டன் சமவெளி ஆகிய இடங்களின் குளிர்க் காடுகளே அதன் வீடு. பெண்ணுக்குக் கொம்பு மிகச் சிறியது. மெதுவாக நகர்வதால் எளிதில் பிடிபடும். முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடுகளை வெட்டியதால் அதன் இருப்பிடம் துண்டு துண்டாகிவிட்டது. வெளிநாடுகளில் செல்லப்பிராணியாக விற்கவும் பிடித்தார்கள். அதனால் 2019-ல் வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் இதுவும் சேர்க்கப்பட்டது.

அன்புத் தாய்மார்களே! ஓணானைக் கண்டதும் கல்லெடுக்கும் பழக்கம் நம் வீட்டு முற்றத்தில்தான் தொடங்குகிறது. அதை நிறுத்த வேண்டியதும் அங்கேதான். அல்லாஹ் படைத்த உயிர்களிடம் இரக்கம் காட்டும் பிள்ளைகளாக நம் மக்களை அவன் ஆக்குவானாக. ஆமீன்.