அண்ணனின் ஜீப்பில் இருந்த ஆணி

நண்பர்களே, பதிவு கொஞ்சம் நீளம். வண்டி வேலை தெரியாதவர்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன். 31 வருடம் அறிவியல் நடத்தியவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

எங்கள் அண்ணன் போடியிலிருந்து மேலே ஏலத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டியவர். காலையில் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். 1968 மாடல் மகிந்திரா சிஜே 3பி. அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்த வண்டி அது. புது எஞ்சின் உயரமாக இருந்ததால் பானெட்டையும் தூக்கி வைத்தார்கள். அதனால்தான் அதற்கு அந்த உயர்ந்த நெற்றி. அதையே மகிந்திரா இங்கே பல வருடம் செய்தது. முன்னே போக மூன்றே கியர்.

அண்ணன் போய் இரண்டு வருடமாக வண்டி கொட்டகையில் நின்றது. இந்த ஏல சீசனில் அதை மறுபடி ஓட்டப்போவதாக அண்ணன் மகன் சொன்னான். "செகண்ட் கியர் மட்டும் நிக்க மாட்டேங்குது சித்தப்பா. வெளிய வந்துருது" என்றான்.

எனக்கு அது புதுச் செய்தி அல்ல. கியர் லிவரில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை அண்ணன் கட்டி வைத்திருப்பார். செகண்ட் போட்டதும் அதை இழுத்து சீட் கம்பியில் மாட்டிவிடுவார். நானே எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். போடிமெட்டு இறக்கத்தில் 17 கொண்டை ஊசி வளைவு. செகண்ட் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டிய பாதை. கியர் கழன்று நியூட்ரலில் விழுந்தால் மிச்சம் இருப்பது பிரேக் மட்டும். டிரம் பிரேக் சூடேறினால் பிடிமானம் குறையும். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவன் நான். அந்த டியூப் எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு முன்னாலிருந்தே பழக்கமான பாய் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கியர் பாக்ஸை இறக்கித்தான் பார்க்கவேண்டும் என்றார். ஆயிலை வடித்தபோது அதில் பொன்துகள் போல மினுமினுப்பு. "பித்தளை சார். உள்ள வளையம் தேஞ்சு கெடக்கு" என்றார்.

ஜீப்பில் கியர் பாக்ஸோடு ஒட்டி, பின்னால் இன்னொரு பெட்டி இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். தரைத் தகடு, இரண்டு பிராப்பல்லர் ஷாஃப்ட், ஹேண்ட் பிரேக் கம்பி எல்லாம் கழற்றி, எஞ்சினுக்கு அடியில் கட்டை வைத்து முட்டுக்கொடுத்து, இரண்டு பெட்டியையும் சேர்த்தே இறக்கினோம். இரண்டு ஆள் மூச்சுப் பிடித்துத் தூக்குகிற கனம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. "தொழுதுட்டு வந்துர்றேன், அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பாய் பள்ளிவாசலுக்குப் போனார். எங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு பெட்டியையும் சேர்க்கும் போல்ட்டுகளைக் கழற்றினோம். பிரியவில்லை. பட்டையான கம்பி ஒன்றை இடுக்கில் கொடுத்து நெம்பினோம். அரை அங்குலம் நகர்ந்தது. "வருது சித்தப்பா!" என்று பையன் குதித்தான். இன்னொரு நெம்பு நெம்பினேன். உள்ளே கிளுக்கென்று ஒரு சத்தம். பிறகு சின்னச் சின்னதாக நாலைந்து சத்தம், சோழி விழுவது போல.

பாய் வந்து பார்த்தார். திட்டவில்லை. "பின்னாடி மூடியத் தொறந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மாணவர்கள் என் முன்னால் அப்படித் தலையைக் குனிந்து நின்றிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் அதன் பெட்டியோடு நிற்பதில்லை. அதன் வால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நீண்டு போகிறது. அந்த வாலில் ஒரு பல்சக்கரம், அதை இறுக்கி ஒரு நட்டு, நட்டு கழலாமல் இருக்க ஒரு காட்டர் பின். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க மூடியைத் திறந்தால்தான் இது கண்ணில் படும். நட்டைக் கழற்றாமல் பெட்டியை இழுத்தால் பல்சக்கரமும் கூடவே வரும், அது ஷாஃப்ட்டையே உருவிக்கொண்டு வரும். ஷாஃப்ட்டின் முன்முனை ஊசி ஊசியான ரோலர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அது நகர்ந்தால் ரோலர்கள் கொட்டிப்போகும். எங்களுக்குக் கேட்ட சோழிச் சத்தம் அதுதான். வார்ப்பு இரும்பு என்பதால் நெம்பிய இடத்தில் காது உடைந்திருந்தால் பெட்டியே போயிருக்கும்.

பாய் பின்மூடியைத் திறந்தார். டார்ச்சை அடித்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். காட்டர் பின் இருக்கவேண்டிய ஓட்டையில் ஓர் ஆணி. தலையை நறுக்கி, வளைத்துச் செருகியிருந்தது. நட்டை விரலால் தொட்டார், ஸ்பேனர் இல்லாமலே ஆடியது.

"இது என் வேல இல்ல சார்" என்றார்.

அண்ணனின் வேலை. நட்டு தளர்ந்து, அந்தத் தளர்வில் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடி, செகண்ட் கியர் பல்லில் முழுசாக உட்காராமல் வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் அவர் தானாகவே திறந்து பார்த்திருக்கிறார். அன்றைக்கு ஆணியால் முடிந்த மட்டும் செய்துவிட்டு மூடியிருக்கிறார்.

பாய் எங்களுக்காக முறையாகவே செய்து காட்டினார். ஷாஃப்ட்டை உள்ளே தள்ளி, கியர் பாக்ஸின் மேல்மூடியைத் திறந்து, ஷாஃப்ட் பின்னால் வராதபடி கட்டுக்கம்பியால் சுற்றி முன்பக்கம் இழுத்துக் கட்டினார். ஆணியை உருவி நட்டைக் கழற்றினார். ஷாஃப்ட் முனையில் பித்தளைக் கம்பியை வைத்து மெதுவாகத் தட்டினார். இரும்பால் அடித்தால் மரை நசுங்கிவிடுமாம். மூன்றாவது தட்டில் பல்சக்கரம் விட்டுக்கொடுத்தது. அதைக் கையாலேயே எடுத்தார். பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸ் தானாக வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்து ரோலர்களைப் பொறுக்கி, கிரீஸ் தடவிய குழியில் ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசியில் ஒன்று வைக்கிற இடம் காலியாக நின்றது. அந்த ஒன்றைப் பெட்டியின் அடிச் சகதியில் காந்தம் விட்டு எடுக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னோம். மதினி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார், "அவருக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் மதினி."

"தெரிஞ்சுமா பொம்பளைங்கள ஏத்திட்டுப் போனாரு?"

நான் பதில் சொல்லவில்லை. பல வருடம் முன்னால் ஒரு சீசன் முடிவில் அண்ணன் என்னிடம் எட்டாயிரம் ரூபாய் கேட்டார். கியர் பாக்ஸ் வேலை என்றார். அப்போது எனக்கு அரியர்ஸ் வந்திருந்தது. இந்தப் பழைய இரும்பை விற்றுத் தொலையுங்கள் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுபடி கேட்கவே இல்லை. அந்தக் கதையை அன்று மதினியிடம் சொன்னேன். பையனும் கேட்டுக்கொண்டிருந்தான். மதினி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புது நட்டு, முறையான காட்டர் பின், பேரிங், பித்தளை வளையங்கள், செகண்ட் கியர் எல்லாம் மாற்றினோம். செலவு என்னுடையது. இந்த மாதிரி ஜீப் வைத்திருக்கிறவர்கள் அந்தப் பின்மூடியை மட்டும் ஒருமுறை திறந்து நட்டைப் பாருங்கள். வேறு எதையும் பிரிக்கவேண்டாம். சில போல்ட்டுகள், ஒரு பேக்கிங், வடித்த ஆயிலுக்குப் பதில் புது ஆயில், அவ்வளவுதான்.

போன ஞாயிறு போடிமெட்டு வரை ஏறிப்போய்த் திரும்பினோம். வண்டியில் பையன், நான், பாய் மூன்று பேர்தான். இறக்கத்தில் செகண்ட் போட்டான். டியூப்பை அவிழ்த்துப் போட்டாயிற்று, ஆனாலும் இடது கையால் லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். அண்ணன் பிடிக்கிற அதே மாதிரி.

"கைய எடுடா" என்றேன்.

எடுக்கவில்லை. நாலைந்து வளைவு போனது. பாய் பின்னாலிருந்து, "எடு தம்பி, நிக்கும்" என்றார். அப்புறம்தான் எடுத்தான். எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியை இழுத்துப் பிடித்தது. லிவர் நடுங்கியது, நகரவில்லை. முந்தல் வந்து சேரும்வரை மூன்று பேரும் அந்த லிவரையே பார்த்துக்கொண்டு வந்தோம். பையன் மட்டும் ரோட்டையும் பார்த்தான்.