பிள்ளையார் புல்லும் பெர்முடா புல்லும்

'கோல்ப்' என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நான் சொல்ல வந்தது பந்தைப் பற்றி அல்ல, புல்லைப் பற்றி.

வெப்ப நாடுகளில் கோல்ப் மைதானம் போடுகிறவர்கள் 'பெர்முடா புல்' என்று பயபக்தியோடு சொல்வார்கள். தாவர நூலில் அதற்குச் 'சைனோடான் டாக்டிலான்' என்று பெயர். முதற்சொல்லுக்கு நாய்ப்பல் என்றும், அடுத்ததற்கு விரல் என்றும் கிரேக்க மொழியில் பொருள். தமிழில்? சாக்ஷாத் நம் அருகம்புல்தான்!

பெர்முடா, அட்லாண்டிக் கடலில் உள்ள சிறு தீவுக் கூட்டம். அருகு பிறந்தது அங்கே அல்ல. ஆனால் அங்கிருந்து வந்ததாக எண்ணி, அமெரிக்கர்கள் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். வழியில் தங்கிய சத்திரமே பிறந்த வீடாகிவிட்டது!

1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதன் மந்திரியாக இருந்த ராமசாமி ரெட்டியாரின் ஊர், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர். அந்தப் பக்கத்து மல்லாட்டைக் கொல்லை ஒன்றில் களை எடுத்துக் கொண்டிருந்த அம்மாளிடம், "இந்தப் புல்லைக் காசு கொடுத்து வாங்கி நடுகிறார்களாம்" என்றேன்.

"அவங்களை இங்க வரச் சொல்லும்மா. சும்மாவே பேர்த்துக்கிட்டுப் போகட்டும்!" என்றாள்.

அவள் கோபத்தில் நியாயம் உண்டு. களைக்கொத்தால் வெட்டினால் அருகு சாவதில்லை. துண்டு ஒவ்வொன்றும் கணுவில் வேர்விட்டுப் புதுச் செடியாகிறது.

வேடிக்கை என்னவென்றால், கோல்ப் மைதானங்கள் நம்பியிருப்பதும் அந்தக் குணத்தைத்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிப்டன் என்ற ஊரில், கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி அருகோடு ஓர் ஆப்பிரிக்கப் புல்லைச் சேர்த்துக் கலப்பினப் புற்களை உருவாக்கினார். 1956-இல் 'டிப்கிரீன்', 1960-இல் 'டிப்வே' வெளிவந்தன. 'டிப்' என்பது அந்த ஊரின் பெயரிலிருந்து வந்தது. இவை விதை தருவதில்லை. தண்டைத் துண்டு துண்டாக்கித்தான் நடவேண்டும்.

நட்டால் ஓரிடத்தில் கூலி; பிடுங்கினால் இன்னோரிடத்தில் கூலி. புல் என்னவோ ஒரே குடும்பம்தான்! வெட்ட வெட்டத் தழைப்பதால்தானே, நம் பெரியவர்கள் மணமக்களை வாழ்த்தும்போது ஆலமரத்தோடு இந்தச் சின்னப் புல்லையும் சேர்த்துச் சொன்னார்கள்?

விநாயக சதுர்த்தியன்று கடைத்தெரு ஓரத்தில் அருகங்கட்டோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். வெயிலில் குனிந்து ஒவ்வொன்றாகப் பறித்துக் கட்டியது அது. 'வெறும் புல்தானே' என்று பேரம் பேசாதீர்கள். பெர்முடா என்று பெயர் சொன்னால் விலை கொடுக்கிறது உலகம். அருகு என்று சொல்பவளுக்கு நாம் கொடுக்கக் கூடாதா?