திருவிழாக் கூட்டத்தில் பதநீருக்கு இடம் உண்டா?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் 40 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று ஊர்களைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பனைமரங்கள் கூடவே வரும். ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும். மல்லாட்டைக் கொல்லையின் வரப்பில் தனியாக நிற்கும். மாசி பிறந்துவிட்டால் சாலையோரப் புளியமரத்து நிழலில் பதநீர்ப் பானைகளும் நுங்குக் குலைகளும் வந்துவிடும். கார்கள் நிற்கும், ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள், குடித்துவிட்டுப் போவார்கள்.

இதே மாதங்களில்தான் இந்த மாவட்டத்தின் பெரிய திருவிழாக்களும் வருகின்றன. தை 5-ஆம் நாள், ஜனவரி 18, 19 வாக்கில், தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. விழுப்புரத்துக்குத் தெற்கே பிடாகம், பேரங்கியூர் என்று கரையோர ஊர்களில் சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். கரும்பும் சுருளிக்கிழங்கும் வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூரில் மயானக் கொள்ளை. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலையில் கூட்டம் தாங்காது. சித்திரையில் அடுத்த மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கூவாகம்.

தை முதல் வைகாசி வரை பனை சுரக்கும் காலம். தை முதல் சித்திரை வரை திருவிழாக் காலம். இரண்டும் இப்படிப் பொருந்தி வந்தும், திருவிழாக் கடைவீதியில் பதநீர்ப் பானையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணில் படுவது சிவப்பு, நீல நிறக் குளிர்பெட்டிகளும் அவற்றில் அடுக்கிய பிளாஸ்டிக் பாட்டில்களும்தான். ஊருக்கு வெளியே மதுக்கடை இருந்தால் அங்கே தனி வரிசை நிற்கும்.

பாட்டிலின் பலம் நேரம்

பெரிய கம்பெனி பானம் ஏன் எல்லா இடத்திலும் கிடைக்கிறது? சுவை மட்டும் காரணமல்ல. அது மாதக்கணக்கில் கெடாது. போன மாதம் தொழிற்சாலையில் அடைத்ததை இந்த மாதம் மயிலத்தில் விற்கலாம். மீந்தால் அடுத்த திருவிழாவுக்கு எடுத்துப் போகலாம். குளிர்பெட்டியைப் பல இடங்களில் கம்பெனியே கடைக்காரருக்குக் கொடுக்கும், தன் சரக்கை அதில் வைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. பந்தலுக்கு முன்னால் பெயர்ப் பலகையும் அவர்கள் செலவிலேயே வந்துவிடும்.

மதுக் கம்பெனிகள் விழாக்களைப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்தியாவில் தொலைக்காட்சியில் மது விளம்பரம் செய்ய முடியாது. அதனால் அதே பெயரில் சோடாவையும் குடிதண்ணீரையும் விளம்பரம் செய்வார்கள். இசை விழாவுக்கும் விளையாட்டுக்கும் பணம் கொடுத்துத் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். 2010-இல் புனேயில் தொடங்கிய 'என்.எச்.7 வீக்கெண்டர்' இசைவிழா 'பக்கார்டி' என்ற ரம் கம்பெனியின் பெயரோடுதான் ஊர் ஊராகப் போயிற்று.

பனையேறியிடம் இந்த வசதி எதுவும் இல்லை. காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவ வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் காற்றில் உள்ள நொதி சேர்ந்து சில மணி நேரத்திலேயே அது கள்ளாகிவிடும். சுண்ணாம்பு சேர்த்த பதநீரும் வெயிலில் அதிக நேரம் தாங்காது. காலையில் இறக்கியதைப் பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டும். இல்லையென்றால் அடுப்பேற்றிக் காய்ச்ச வேண்டும். ஒரு கிலோ வெல்லத்துக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் தேவை. விறகுச் செலவும் உழைப்பும் தனி.

ஒரே மரம், இரண்டு சட்டம்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிச் சாலையில் கோலியனூர், வளவனூர் தாண்டினால் மதகடிப்பட்டு. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்குப் பெயர் போன ஊர். அது புதுச்சேரி எல்லை. அங்கே அரசு ஏலம் விட்ட கள்ளுக்கடையில் கள் விற்கலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் அதே பனையின் கள்ளை இறக்கினால் வழக்கு. வாங்கிக்கொண்டு எல்லை தாண்டினாலும் வழக்கு.

இந்தச் சட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939-இல் விற்பனை வரி வந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்து கள்ளுக்கடைகள் திறந்தன; சில ஆண்டுகளில் மூடப்பட்டன; 1981-இல் மீண்டும் திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் நின்றன. ஆனால் பாட்டில் மது நிற்கவில்லை. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. இன்று அதன் வழியாக அரசுக்கு வரும் வருவாய் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

கள்ளில் பொதுவாக 4 முதல் 5 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். டாஸ்மாக் கடையின் பிராந்தியில் 42.8 சதவீதம். அது பெரும்பாலும் கரும்பாலைக் கழிவான மொலாசஸிலிருந்து வடித்த எரிசாராயம். விழுப்புரம் மாவட்டம் கரும்புக்குப் பெயர் பெற்றது. முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் ஆலைகள் உண்டு. ஆனால் கரும்பு விலையை நிர்ணயிப்பது சர்க்கரைக் கட்டுமானம். அந்த மொலாசஸ் பாட்டிலாகி எத்தனை மடங்கு விலைக்குப் போனாலும், வெட்டிக் கொடுத்த விவசாயியின் சீட்டில் அது ஏறுவதில்லை.

விக்கிரவாண்டி அருகே பூரிகுடிசை, நரசிங்கனூர் பகுதிப் பனையேறிகள் பல ஆண்டுகளாகக் கேட்பது இதைத்தான்: பிராந்திக்கு அனுமதி, கள்ளுக்கு வழக்கா? சில ஆண்டுகளாகப் பனைக்கென்றே விழா நடத்துகிறார்கள். 2025 ஜனவரியில் பூரிகுடிசையில் கள் தடையை நீக்கக் கோரி மாநாடும் நடந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கள்ளும் போதைதான். கள்ளுக்கடை இருந்த காலத்தில் கூலி முழுவதும் அங்கே போய் அடுப்பெரியாத வீடுகள் இருந்தன. மரத்துக் கள்ளைவிட மயக்க மருந்து கலந்த கள் அதிகம் விற்ற கடைகளும் இருந்தன. தடையை ஆதரிக்கும் பெண்கள் இதை மறந்துவிடவில்லை. அதே நேரம், தடை கள்ளச்சாராயத்தை ஒழிக்கவுமில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள்.

மற்ற ஊர்களில் எப்படி?

நாகாலாந்தில் 1989 முதல் மதுவிலக்குச் சட்டம் உண்டு. ஆனாலும் டிசம்பர் 1 முதல் 10 வரை கொகிமா அருகே கிசாமாவில் நடக்கும் ஹார்ன்பில் திருவிழாவில், ஒவ்வொரு பழங்குடியினரும் தங்கள் குடிலில் அரிசியில் ஊறவைத்த பானத்தை மூங்கில் குவளையில் ஊற்றித் தருகிறார்கள். அந்த ஊர்ப் பெண்கள் செய்த பானம் அந்த ஊர் விழாவின் ஓர் அங்கமாகவே இருக்கிறது.

கோவாவில் முந்திரிப் பழத்திலிருந்து சிறு வடிப்பாளர்கள் காய்ச்சும் ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்க் கம்பெனி எதுவும் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பனங்கள் கூட்டுறவுச் சங்கங்களின் தவறணைகளில் விற்கிறது; 1978-இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையும் அங்கே உண்டு. தமிழ்நாட்டின் மாநில மரமும் பனைதான்.

தமிழ்நாட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அந்தக் கோடையில் பொவண்டோ போன்ற உள்நாட்டுப் பானங்களுக்கு நல்ல காலம். ஆனால் குளிர்பெட்டியில் ஒரு பாட்டில் போய் இன்னொரு பாட்டில்தான் வந்தது. சில மாதங்களில் பழைய பாட்டிலும் திரும்பி வந்துவிட்டது. பதநீர் அந்தப் பெட்டிக்குள் போகவே இல்லை, போகவும் முடியாது.

விழாவில் பாட்டில் தேவையில்லை

பதநீரின் குறை அது கெட்டுப்போகும் என்பது. திருவிழாவில் அந்தக் குறை காணாமல் போய்விடுகிறது. பானத்தை 300 கிலோமீட்டர் அனுப்ப வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் மரத்துக்குப் பக்கத்திலேயே வந்து, வெயிலில் நின்று, தாகத்தோடு காத்திருக்கிறார்கள். காலையில் இறக்கியது மதியத்துக்குள் தீர்ந்துவிடும். சேமிக்க வேண்டாம், அடைக்க வேண்டாம், இடைத்தரகரும் வேண்டாம். கம்பெனியின் பெரிய பலம் செல்லாத சந்தை இது ஒன்றுதான்.

இதற்குக் கள் மீதான தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில், உரிய அனுமதியோடு இறக்கும் பதநீருக்கு இன்றும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஊர்த் திருவிழாவில் கடை ஒதுக்குவது விழாக்குழுவும் ஊராட்சியும் கோயில் நிர்வாகமும். அந்தக் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் விவசாயிகள். வரப்பில் பனை வைத்திருப்பவர்கள். வாசல் ஓரத்தில் நிழலான இரண்டு கடை இடத்தைப் பனையேறிகளுக்கு வாடகையில்லாமல் ஒதுக்குவது அவர்கள் கையில் இருக்கிறது.

கடை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பனையேறுவதற்கும் பதநீர் இறக்குவதற்கும் உரிய அனுமதியைப் பருவம் தொடங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வணிகருக்கான பதிவும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். கலயத்தை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைத்துப் புதுச் சுண்ணாம்பு தடவ வேண்டும். இறக்கியதும் சுத்தமான வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். பானையை ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தால் கூடுதல் நேரம் தாங்கும். ஐஸ் போடுவதாக இருந்தால் குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்த ஐஸ் மட்டுமே. மீன் கடை ஐஸ் ஆகாது. நுரை கட்டி, புளிப்பு வாடை வந்துவிட்டால் விற்கக் கூடாது. மீதமாகும் என்று தெரிந்தால் மதியமே காய்ச்சும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் கலந்து விற்ற ஒரு கடை போதும், அடுத்த ஆண்டு எல்லாக் கடைக்கும் வாடிக்கை போய்விடும்.

ஆடியில் பதநீர் இருக்காது. அப்போது அம்மன் கோயில் கூழ் வார்த்தல் வரும். அங்கே பனைவெல்லப் பானகமும் சுக்குக் காபியும் இதே கடையை நடத்தும்.

2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது; 76 லட்சம் விதைகள் வழங்கும் திட்டமும் வந்தது. விதைத்த பனை பாளை விட 15 ஆண்டாவது ஆகும். அதுவரை இப்போது நிற்கும் மரங்களைக் காப்பது வருமானம்தான். ஏற ஆளில்லாத பனையைப் பார்க்கிற விவசாயிக்குச் செங்கல் சூளைக்காரர் சொல்லும் விலை பெரிதாகத் தெரிகிறது. ஒரு பருவத்தில் நான்கு திருவிழாக்களில் பதநீர் கொடுத்த மரத்தை அவ்வளவு சுலபமாக விற்க மனம் வராது. ஏறத் தெரிந்தவரின் பிள்ளைக்கும் அந்தத் தொழிலில் கால் வைக்க ஒரு காரணம் கிடைக்கும்.

அடுத்த தை 5-க்குக் கடை ஏலம் விடும் பேச்சு மார்கழியிலேயே தொடங்கிவிடும். பதநீருக்கு இடம் கேட்க வேண்டியது அந்தக் கூட்டத்தில்தான்.