ஒட்டக்கூடாத இரும்பு

கொழும்புத் துறைமுகத்திலிருந்து பேலியகொடைப் பக்கமாக வரும் வீதியோரத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர் எவரும், இந்நாட்டு மக்களின் சீனியும் பருப்பும் துணியும் எவ்வழியாக வந்து சேர்கின்றன என்பதை ஏட்டைப் புரட்டாமலே அறிந்துகொள்வர். நாற்பது அடிக் கொள்கலன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும். ஆனால், முன்னே இழுக்கும் வண்டியையும் பின்னே இழுபடும் ரெயிலரையும் சேர்த்துப் பிடித்திருப்பது யாதென்று நம்மிற் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. ரெயிலரின் அடியில் இரண்டு அங்குல விட்டமுள்ள ஓர் உருக்கு முளை. இழுக்கும் வண்டியின் முதுகில், அந்த முளையைக் கவ்விப் பிடிக்கும் தாடையுடன் கூடிய ஒரு தட்டு. அவ்வளவுதான்.

அந்தத் தட்டுக்கு ‘ஐந்தாம் சக்கரம்’ என்று பெயர். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக அதன்மேற் கிடையாக ஒரு வளையத்தைப் பொருத்தினர். உருளாத அந்த வளையம் ஐந்தாம் சக்கரமாயிற்று. குதிரை போய் லொறி வந்த பின்பும் பெயர் நிலைத்துவிட்டது. 1914இல் டெட்ரோயிற் நகரத்து மரவணிகர் ஒருவர் தமது படகை ஃபோர்ட் காரின் பின்னால் இழுத்துச் செல்ல விரும்பியபோது, அதற்கொரு ரெயிலர் செய்து கொடுத்தவர் ஓகஸ்ட் புரூஹாஃப் என்னும் கொல்லர். பின்னாளிற் பெருங் கம்பனியாக வளர்ந்த அத்தொழிலின் வேர் ஒரு கொல்லுலையிலேதான் இருந்தது.

என் அத்தான் முப்பது ஆண்டுகளாகக் கனரக வாகனங்களைப் பழுதுபார்த்து வருபவர். பாடசாலை விடுமுறைகளில் அவருடைய கராஜின் மூலையில் ஒரு பழைய ரயர்மேல் அமர்ந்திருப்பது எனக்கு வழக்கம். வகுப்பறையில் நான் கரும்பலகையில் அம்புக்குறிகளாக வரையும் விசைகள் அங்கே இரும்பிலே தழும்புகளாகத் தெரியும்.

சென்ற விடுமுறையில் ஒரு சாரதி தமது வண்டியைக் கொண்டுவந்தார். பிரேக் பிடிக்கும்போது முதுகுப் பக்கத்தில் ‘டக்’கென்று ஓர் அடி விழுகிறதாம். ரெயிலரின் கால்களை இறக்கி, காற்றுக் குழாய்களைக் கழற்றி, கைப்பிடியை இழுத்து வண்டியை வெளியே எடுத்தனர். அத்தான் முதலில் அளந்தது ரெயிலரின் முளையை. புதிதாக இருக்கையில் 50.8 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய அது தேய்ந்து 49க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். இங்கே முளை நன்றாகவே இருந்தது. தாடையும் தேய்வு வளையமும் தேய்ந்திருந்தன, அவை மாற்றக்கூடியவை. அத்துடன் முடிந்திருந்தால் அன்று மாலையே சாரதி புறப்பட்டிருப்பார்.

கறுத்து இறுகியிருந்த பழைய கிறீசைச் சுரண்டித் துடைத்த பிறகு, அத்தான் தட்டின்மேற் சிவப்புச் சாயத்தைத் தெளித்தார். சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்தார். மேலே வெள்ளைப் பூச்சொன்றைத் தெளித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முளை நுழையும் வாயின் ஓரத்தில், வெள்ளைக்குள் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி எழுந்தது. ஏறக்குறைய என் சுண்டுவிரல் நீளம். ரெயிலர் சரியான உயரத்தில் இல்லாத வேளையில், அவசரமாகப் பின்னுக்கு வந்து மோதியதால் ஏற்பட்ட வெடிப்பாயிருக்கலாம் என்றார்.

சாரதி தொலைபேசியை எடுத்தார். மறுமுனையிலிருந்த உரிமையாளரின் தீர்ப்பு இரண்டே சொற்கள்: ஒட்டி அனுப்பு.

அத்தான் மறுத்துவிட்டார். எனக்கு வியப்பளித்தது, சாரதியும் மன்றாடியதுதான். “அண்ணை, மெல்லமாத்தான் ஓடுவன். ஒருக்கா ஒட்டித் தாங்கோ.”

“இது வாத்த உருக்கு, தம்பி. சூடுகாட்டினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலை நொறுங்கிற குணம் வரும். அதிலை இருந்து புது வெடிப்பு ஓடும். நீர் மெல்லமாத்தான் போவீர். பின்னாலை வாற பஸ்ஸும் பள்ளிப் பிள்ளையளும் என்ன செய்யிறது?”

தட்டைச் செய்யும் கம்பனிகளே அதன்மேல் ஒட்டுவேலை செய்யலாகாது என்று கூறுகின்றன. இதனைச் சாரதி அறியாதவரல்லர். அவருக்குக் கூலி பயணக் கணக்கில். வண்டி நின்ற நாளுக்கு ஒரு சதமும் இல்லை. தன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையை ஒரு மனிதர் கெஞ்சிக் கேட்கிறார் என்றால், அவரை அறிவற்றவர் என்று நாம் நகைத்துவிட்டுப் போதல் நேர்மையாகாது. நிற்கும் வண்டியின் நட்டத்தை ஊழியரின் தலையிற் சுமத்தும் கணக்கு முறைதான் அந்த வெடிப்பை ஒட்டச் சொல்கிறது. மறுத்துவிடும் துணிவு அத்தானுக்கு இருந்ததென்றால், கராஜ் அவருடைய சொந்தக் கராஜாக இருந்தமையும் அதற்கொரு காரணம். பிறரிடம் நாட்கூலிக்கு நிற்பவர் என்ன செய்திருப்பார் என்று நான் அவரிடம் கேட்டேன். அவர் விடை கூறவில்லை.

2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2022இன் டொலர்த் தட்டுப்பாடும் பழைய வண்டிகளின் ஆயுளை நீட்டிவிட்டன. மறுநாள் பஞ்சிகாவத்தைக்கு அவருடன் நானும் போனேன். முதற் கடையிற் காட்டிய பழைய தட்டிலே புதுக் கறுப்புப் பெயின்ற் பளபளத்தது. அத்தான் அதனைத் தொடவுமில்லை. மூன்றாம் கடையிற் துருவேறிக் கிடந்த ஒன்றை விலைபேசினார். அதற்கும் அதே சிவப்புச் சாயப் பரிசோதனை. கோடு எழவில்லை.

நூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்த இரும்பைச் சங்கிலியில் உயர்த்தி அமர்த்தி, புதிய ஆணிகளைக் குறுக்குக்குறுக்காக, அளவு காட்டும் சாவியால் முறுக்கினர். புதிய தாடையும் வளையமும் ஏறின. கிறீஸ் தாராளமாகப் பூசப்பட்டது. கிறீஸ் வற்றினால் ஸ்ரியறிங் இறுகும். மூன்றாம் நாட் பின்னேரம் சாரதி வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கெடுத்தார். ‘கிளிக்’ என்ற ஓசை கேட்டது. ரெயிலரின் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, முன்வண்டியை மெல்ல முன்னுக்கு இழுத்துப் பார்த்தார், பிடி விடவில்லை. அதன் பின்னும் இறங்கி, ரோர்ச் லைற்றுடன் அடியிற் புகுந்து, தட்டுக்கும் ரெயிலருக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று நெடுநேரம் பார்த்தார்.

தட்டுக்கும் வேலைக்கும் உரிய பணத்தை உரிமையாளர் அனுப்பியிருந்தார். மூன்று நாட் கூலியைப் பற்றி எவரும் பேசவில்லை. சாரதி கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார்; அன்றிரவே துறைமுகத்தில் அவருக்கு ஒரு பெட்டி காத்திருந்தது.